கொடுக்காத கடனுக்குக் கட்டணம்

2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி, ஐந்து வருடமாக விட்டு வைத்திருந்த ஒரு பழக்கத்தை மறுபடி ஆரம்பித்தது. சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்றால் அபராதம். பெருநகரக் கிளையில் மாத சராசரி 5,000 ரூபாய் இருக்க வேண்டும், கிராமத்துக் கிளையில் 1,000. அந்த ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்த வகையில் மட்டும் வங்கிக்கு வந்தது 1,771 கோடி ரூபாய். அதே வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வங்கியின் மொத்த நிகர லாபமே 1,581 கோடிதான்.

எட்டு மாத வசூலையும் மூன்று மாத லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமான கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் பெரிய கம்பெனிகள் திருப்பிக் கட்டாத கடனால்தான் பொதுத்துறை வங்கிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ரூபாய் வைக்க முடியாதவர்களிடம் வாங்கியது எந்த ஓட்டையை அடைக்கப் போயிற்று என்ற கேள்வி அப்போது டீக்கடையில்கூடக் கேட்டது. எதிர்ப்பு வந்ததும் வங்கி அக்டோபரில் கொஞ்சம் இறங்கியது. 2018 ஏப்ரலில் இன்னும் இறங்கி, அபராதத்தை மாதம் அதிகபட்சம் 15 ரூபாய் என்று ஆக்கியது. 2020 மார்ச்சில் 44.51 கோடி சேமிப்புக் கணக்குகளுக்கும் மொத்தமாக எடுத்துவிட்டது. அதனால் வங்கி ஒன்றும் மூழ்கிவிடவில்லை. 2023-24இல் அதன் நிகர லாபம் 61,000 கோடியைத் தாண்டியது.

மற்ற அரசு வங்கிகள் விடவில்லை. 2020-21 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மினிமம் பேலன்ஸ் அபராதமாக 8,900 கோடிக்கு மேல் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகம் சொன்னது. பட்டியலில் முதலிடம் யாருக்கு என்று பார்த்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி. சுமார் 1,828 கோடி. அதுவும் 2025 ஜூலையில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா, பஞ்சாப் நேஷனல், பரோடா வங்கிகளும் அதையொட்டியே விட்டன. தனியார் வங்கிகள் பக்கம் காற்று வேறு மாதிரி அடித்தது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்கள் மாத சராசரி 50,000 ரூபாய் வைக்க வேண்டும் என்றது. கிடைத்த வசவில் சில நாட்களிலேயே 15,000 ஆக்கிக்கொண்டது. இதைப் பற்றிக் கேட்டபோது ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ளலாம், அது எங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது என்றார்.

மினிமம் பேலன்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. நான் அதிகம் பேச நினைப்பது அதன் தம்பியைப் பற்றி. கணக்கில் பணம் போதாமல் ஈஎம்ஐயோ செக்கோ திரும்பிப் போனால் போடுகிற ரிட்டர்ன் சார்ஜ்.

வங்கிக் கட்டணம் நியாயமா என்ற விவாதம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல வருடமாக நடக்கிறது. அங்கே சண்டை ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைப் பற்றி. கணக்கில் பணம் இல்லாமல் கார்டைத் தேய்க்கிறீர்கள், வங்கி தன் கைக்காசைப் போட்டுக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது, அப்புறம் உங்களிடம் 35 டாலர் கேட்கிறது. அது அநியாயமோ இல்லையோ, வங்கி ஒரு வேலை செய்திருக்கிறது. உங்கள் பால் பாக்கெட் வீட்டுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் அப்படி இல்லை. பணம் போதவில்லையென்றால் வங்கி கையை விரித்துவிடும். ஒரு பைசா கடன் தராது. தராததற்கு 250 ரூபாயும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் எடுத்துக்கொள்ளும். ஏடிஎம்மில் போய், கணக்கில் இருப்பதைவிட நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டுவிட்டால் மெஷின் 'போதிய இருப்பு இல்லை' என்று ஒரு சீட்டு துப்பும், அந்தச் சீட்டுக்கும் பல வங்கிகளில் இருபது இருபத்தைந்து ரூபாய், ஜிஎஸ்டி தனி. இல்லை என்று சொன்னதற்குச் சேவை வரி!

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தார். மாதம் 2,340 ரூபாய். ஐந்தாம் தேதி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி அவர் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு மாதம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்த காசு தாமதமாகிவிட்டது. ஐந்தாம் தேதி காலை அவர் கணக்கில் இருந்தது 2,190. நூற்றைம்பது ரூபாய் குறைவு.

தவணை திரும்பிவிட்டது. அன்றைக்கே வங்கி ரிட்டர்ன் சார்ஜாக 250, ஜிஎஸ்டி 45, ஆக 295 ரூபாய் எடுத்துக்கொண்டது. மெசேஜ் வந்தது, ஆங்கிலத்தில். ஈஎம்ஐ போகவில்லை என்பது மட்டும் அக்காவுக்குப் புரிந்தது. மறுநாள் ஒரு வாடிக்கையாளரிடம் ஜாக்கெட் கூலியாக 200 ரூபாயை ஜிபேயில் போடச் சொல்லி வாங்கினார். குறைந்தது 150, போட்டது 200, இனிமேல் கவலையில்லை என்று தைக்கப் போய்விட்டார்.

ஏழாம் தேதி ஃபைனான்ஸ் கம்பெனி மறுபடியும் கேட்டது. கணக்கில் இப்போது 2,095 தான். ஏனென்றால் நடுவில் 295 போய்விட்டது. திரும்பவும் ரிட்டர்ன். திரும்பவும் 295. மிச்சம் 1,800.

வங்கி முதல் அபராதத்தை எடுக்காமல் இருந்திருந்தால் ஏழாம் தேதி அந்தக் கணக்கில் 2,390 ரூபாய் இருந்திருக்கும். தவணை போயிருக்கும். இரண்டாவது ரிட்டர்னை உண்டாக்கியதே வங்கி எடுத்த கட்டணம்தான். அதற்கும் ஒரு கட்டணம். நான் அந்தப் பாஸ்புக்கை வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அக்காவோடு நானும் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், எரிந்து விழவில்லை.

"சார், நான்தான் இருநூறு ரூபா போட்டுட்டேனே சார்."

"போட்டீங்கம்மா, இல்லேங்கல. அதுக்கு முன்னாடியே சார்ஜ் எடுத்துருக்கு பாருங்க."

"அந்த சார்ஜ எடுத்ததாலதான சார் பத்தாம போச்சு?"

"சிஸ்டம் எடுக்குதும்மா. எங்க கையில எதுவும் இல்ல. அஞ்சாந்தேதிக்கு முன்னாடி கொஞ்சம் கூடவே போட்டு வைங்க."

கூடவே போட்டு வைக்க முடிந்தால் அக்கா ஏன் தவணையில் மெஷின் வாங்கப் போகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவரைக் கேட்டு என்ன பயன். எண்ணைத் தீர்மானித்தவர்கள் வேறெங்கோ ஏசி அறையில் இருக்கிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு பவுன்ஸ் சார்ஜ் என்று தனியாக ஒன்று போட்டது. வசூலுக்கு வந்த பையன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "என்னக்கா, இந்த மாசம் டியூ நிக்குது?" என்று கேட்டதற்கு மட்டும் கட்டணம் இல்லை.

சரி, வங்கிக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்குமே. என் சித்தப்பா ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பாஸ்புக் கதையைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஏண்டா, ஒரு அக்கவுண்ட்ட நடத்துறதுன்னா சும்மாவா? கிளை வாடகை, கரண்ட், சம்பளம், ஏடிஎம், பாஸ்புக், கேஒய்சி. ஐந்நூறு ரூபா போட்டு வச்சுருக்கறவனால பேங்குக்கு என்ன வருமானம்? இதுல யூபிஐ வேற. டீக்கு பத்து ரூபா அனுப்பறான், அதுக்கு நாங்க சர்வர் வச்சு ஓட்டணும், ஒரு பைசா வாங்கக் கூடாது. அப்புறம் செக்க எடுத்துக்கோ. அபராதமே இல்லன்னா ஊர்ல எவன் வேணாலும் எவனுக்கு வேணாலும் செக் கிழிச்சுக் குடுப்பான்."

செக் விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். செக் திரும்பினால் அடிபடுவது மூன்றாவது ஆள். சரக்கைக் கொடுத்துவிட்டுச் செக்கை வாங்கிய வியாபாரிக்குப் பணம் வராது, அவர் வேறொருவருக்குக் கொடுத்தது திரும்பும், சங்கிலியாகப் போகும். அங்கே ஒரு தண்டம் இருக்க வேண்டும்தான். ஆனால் தானாக எடுக்கிற ஈஎம்ஐக்கு அந்த நியாயம் பொருந்தவில்லை. பணம் வராமல் போன ஃபைனான்ஸ் கம்பெனி தனக்கான அபராதத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. அதற்கு மேல், அடுத்த கடன் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிற சிபில் ஸ்கோர் இறங்கும். அதற்கும் மேல் சட்டம் இருக்கிறது. செக்குக்கு 138ஆம் பிரிவு என்று ஊருக்கே தெரியும். மின்னணுப் பணப் பட்டுவாடா திரும்பினாலும் 2007ஆம் வருடத்துப் பணப் பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை காவல் இருக்கும்போது, நஷ்டமே அடையாத வங்கி எதற்காக ஒரு தடியோடு நிற்கிறது? கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை ஓட்டுகிறது, பணம் இருந்தால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை'. 'ஆம்' என்று சொல்ல ஆகிற செலவுதான் 'இல்லை' என்று சொல்லவும். முதலாவது இலவசம், இரண்டாவது 295 ரூபாய்.

"ஐந்நூறு ரூபாய்க்காரனால் வருமானம் இல்லை" என்பதற்கும் சித்தப்பாவிடம் ஒரு பதில் சொன்னேன். சேமிப்புக் கணக்குக்கு ஸ்டேட் வங்கி இன்று கொடுப்பது 2.5 சதவீத வட்டி. கடைசியில் கடனாகப் போகும்போது அதே பணத்துக்கு எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. சின்னக் கணக்கு ஒவ்வொன்றும் பெரிய லாபம் தராது, சரி. ஆனால் அந்தச் செலவை யாரிடம் வாங்குகிறார்கள்? பத்து லட்சம் வைத்திருப்பவருக்கு லாக்கரில் சலுகை, தனியாக ஒரு மேனேஜர், ஏர்போர்ட்டில் இட்லி. எல்லாம் இலவசம். அந்த இலவசத்தின் ஒரு பங்கைத் தையல் கடை அக்கா கட்டுகிறார். இல்லாதவன் காசில் இருப்பவனுக்கு விருந்து. சித்தப்பா பதில் சொல்லவில்லை, "காப்பி குடிக்கிறியா" என்றார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்த ஐந்தாம் தேதி வங்கி குறைந்த 150 ரூபாயைத் தானே போட்டுத் தவணையைக் கட்டிவிட்டு, அக்காவிடம் வட்டி வாங்கியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளைக்கு 15 பைசா. கந்துவட்டி மாதிரி 40 சதவீதம் போட்டாலும் 50 பைசாதான். சேவைக் கட்டணமாக ஒரு பத்து ரூபாயைச் சேர்த்துக்கொள்ளட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இது ஏதோ கனவுத் திட்டமும் இல்லை. 2014இல் ஆரம்பித்த ஜன் தன் கணக்கில் ஓவர்டிராஃப்ட் வசதி காகிதத்தில் இருக்கிறது. முதலில் 5,000 வரை, 2018இல் 10,000 வரை. அதில் 2,000 ரூபாய் வரைக்கும் எந்த நிபந்தனையும் இல்லை என்று அறிவித்தார்கள். கிளையில் போய்க் கேட்டுப் பாருங்கள், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாத மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வார்கள். கொடுத்தால் 15 பைசா, கொடுக்காவிட்டால் 295 ரூபாய் என்றால் எந்த வியாபாரி கொடுப்பான்?

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. கட்டணம் பெரிதா சின்னதா என்பது அப்புறம். வாடிக்கையாளர் தடுக்கி விழுந்தால் வங்கிக்கு லாபம், ஒழுங்காக நடந்தால் லாபமில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்தால், விழாமல் இருக்க வங்கி உதவி செய்யாது. நாலாம் தேதி சாயங்காலம் "நாளை உங்கள் தவணை, 150 ரூபாய் குறைகிறது" என்று தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாத கம்ப்யூட்டரா அது? லோன் வேண்டுமா என்று தினம் மூன்று மெசேஜ் அனுப்பத் தெரிகிறதே.

அமெரிக்காவில் இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. கணக்கில் நூறு டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காபி, மதியம் சாண்ட்விச், சாயங்காலம் மருந்து என்று சின்னச் சின்னதாக நாலு செலவு செய்துவிட்டு, ராத்திரி 98 டாலருக்கு ஒரு பில் கட்டுகிறீர்கள். நடந்த வரிசைப்படி கழித்தால் கடைசி ஒன்றுதான் இடிக்கும், ஒரே ஒரு கட்டணம். வெல்ஸ் ஃபார்கோ வங்கி பெரிய தொகையை முதலில் கழிக்கிற மாதிரி வரிசையை மாற்றி வைத்தது. 98 முதலில் போய்விடும், சின்னவை நாலும் இடிக்கும், நாலு கட்டணம். 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், கட்டணத்தைப் பெருக்குவதற்காகவே செய்த வேலை இது என்று தீர்ப்பெழுதி, கலிபோர்னியா வாடிக்கையாளர்களுக்கு 203 மில்லியன் டாலர் திருப்பித் தரச் சொன்னார். இதே மாதிரி வழக்கில் பேங்க் ஆஃப் அமெரிக்கா 410 மில்லியனுக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் கணக்குப் பார்த்தது: டெபிட் கார்டில் ஓவர்டிராஃப்ட் ஆகிற செலவுகளில் பெரும்பாலானவை 24 டாலருக்குள். அதற்குக் கட்டணம் 34 டாலர். மூன்று நாளில் திருப்பிவிட்டால், வருட வட்டியாக 17,000 சதவீதம். அதே அமைப்பு 2024 டிசம்பரில் பெரிய வங்கிகள் 5 டாலரோ தங்களுக்கு ஆகிற செலவோ மட்டும் வாங்கலாம், அதற்கு மேல் வாங்கினால் கடனுக்கான விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. அது அமலுக்கு வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் ரத்து செய்து, 2025 மே மாதம் டிரம்ப் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இங்கிலாந்து போன வழி எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. அங்கே 2009இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வங்கிகள்தான் ஜெயித்தன. அனுமதியில்லா ஓவர்டிராஃப்ட் கட்டணம் என்பது கணக்கு நடத்துவதற்கான விலையின் ஒரு பகுதி, விலை நியாயமா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் விலை என்றால் வாங்குகிறவர் எல்லோரும் கொடுக்க வேண்டுமே? நிதிக் கண்காணிப்பு அமைப்பு பிறகு ஆராய்ந்தபோது, அந்தக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் 'இலவச' வங்கிச் சேவை. 2020 ஏப்ரலில் அந்த அமைப்பு ஒரே வெட்டாக வெட்டியது. நிலையான கட்டணம் கூடாது, வருட வட்டி மட்டும்தான், அனுமதியில்லாததற்கு அனுமதி பெற்றதைவிட அதிகம் வாங்கக் கூடாது. வங்கிகள் சும்மா இருக்குமா? பல பெரிய வங்கிகள் எல்லா ஓவர்டிராஃப்ட்டுக்கும் வட்டியை 40 சதவீதத்தை ஒட்டி ஏற்றிவிட்டன. முன்பு 20 சதவீதம் கட்டிக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் திட்டித் தீர்த்தன. அவர்கள் கோபமும் நியாயம்தான். இருந்தாலும் நூற்றைம்பது ரூபாய் குறைவதற்கும் பதினைந்தாயிரம் குறைவதற்கும் ஒரே கட்டணம் என்ற கிறுக்குத்தனம் அங்கே ஒழிந்தது.

நம் ஊரில் அந்தக் கிறுக்குத்தனத்தைத் தடுக்க விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் முதல் அமல். மினிமம் பேலன்ஸ் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். சரிசெய்ய குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அபராதம் எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது. படித்துப் பார்த்தால் நல்ல விதிதான். வங்கிகள் விகிதத்தை ஸ்லாப் ஆக்கிக்கொண்டன. ஐம்பது சதவீதம் வரை குறைந்தால் இவ்வளவு, அதற்கு மேல் குறைந்தால் அவ்வளவு. மைனஸில் போகக் கூடாது என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாக்கியை எழுதி வைத்துக்கொண்டு, எப்போது பணம் வருகிறதோ அப்போது எடுத்துக்கொள்வது.

இது எப்படி வெளியே தெரிந்தது என்றால், 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஆயிரம் ரூபாய் வந்து விழுந்தது. பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த கணக்குகள். விழுந்த வேகத்தில் சில வங்கிகள் பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கி என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் குவிந்தன. அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று வங்கிகளை எச்சரித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. அமைச்சர் கேட்டதால் அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காவல் கிடைத்தது. நூறு நாள் வேலைக் கூலிக்கும் முதியோர் பென்ஷனுக்கும் யார் அறிக்கை விடுவது?

கிரெடிட் கார்டு ஓவர்லிமிட் கட்டணத்தை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். லிமிட்டைத் தாண்டிச் செலவு செய்தால் தாண்டிய தொகையில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்கிற மாதிரிப் பல வங்கிகள் வாங்குகின்றன. அந்தக் குறைந்தபட்சம் அதிகம்தான். ஆனால் அங்கே வங்கி தன் பணத்தைக் கொடுத்திருக்கிறது. தவிரவும், 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளின்படி, கார்டுகாரரிடம் வெளிப்படையாகச் சம்மதம் வாங்காமல் லிமிட்டைத் தாண்ட விடவே கூடாது. சம்மதம் கொடுத்திருக்கிறோமா என்று ஆப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் அணைத்துவிட்டால் போதும். அமெரிக்காவிலும் 2009 கார்டு சட்டம் இதே சம்மதத்தைக் கட்டாயமாக்கியதும் ஓவர்லிமிட் கட்டணம் ஏறக்குறைய காணாமலே போனது. கேட்டால் யாரும் 'வேண்டும்' என்று சொல்லாத சேவை என்பது அதிலேயே தெரிகிறது.

ரிட்டர்ன் சார்ஜுக்கு யாரும் சம்மதம் கேட்பதில்லை. கணக்கு தொடங்கும்போது பொடி எழுத்தில் பத்துப் பக்கம், கடைசியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கிக்கு இதன் நியாயம் தெரியாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் கடன் கணக்குகளின் அபராதம் பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. தவணை தவறினால் போடும் அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி ஆக்கக் கூடாது என்றது. கூடவே, அபராதம் என்பது கடனாளிக்கு ஒழுங்கு வருவதற்காகத்தான், வங்கியின் வருமானத்தைப் பெருக்கிக்கொள்வதற்காக இல்லை என்றும் அதிலேயே எழுதியது. கடன் வாங்கியவருக்குக் கிடைத்த இந்த வாக்கியம், வங்கியில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு வைத்திருப்பவருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒரே தவணைக்கு ஒரே மாதத்தில் ஒரு ரிட்டர்ன் சார்ஜுக்கு மேல் கூடாது, குறைந்த தொகைக்கு ஏற்றபடிதான் கட்டணம், முதல் நாள் தமிழில் எச்சரிக்கை. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் அடித்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

அது வரும்வரை கையில் இருப்பதைச் சொல்கிறேன். சம்பளக் கணக்கு இல்லாதவர்கள், சின்ன வியாபாரம் செய்பவர்கள், உதவித்தொகைக்காக மட்டும் கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அடிப்படை சேமிப்புக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஏழை என்று சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை, யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஒரே நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ரிட்டர்ன் சார்ஜுக்கு இது மருந்தாகாது. அதற்கு, தவணைத் தேதியைக் காசு வரும் தேதிக்குப் பின்னால் தள்ளி வைக்கும்படி கடன் வாங்கும்போதே கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் மாற்றுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஒருமுறை திரும்பிவிட்டால் கணக்கில் போடாமல் நேராக ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆப்பிலோ கிளையிலோ கட்டிவிட்டு, மறுபடி அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கேட்பது நல்லது. வங்கியிடம் எழுதிக் கொடுத்த புகாருக்கு முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். 14448க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

தையல் கடை அக்காவுக்கு எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது 295ஐ மட்டும் 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பிப் போடுவதாகப் பதில் வந்தது, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற வரியோடு. அக்காவுக்கு நான் தமிழில் படித்துக் காட்டினேன். "முதல் 295 என்னாச்சு?" என்று கேட்டார். அதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதுகிற மனு இப்போது என் மேஜையில் இருக்கிறது, அக்காவின் கையெழுத்துதான் பாக்கி. தீபாவளித் தையல் முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.